‘காணும்’ என்று சொல்ல ஒரு கட்டம்: விசேட கல்விக் கலைத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். 19 வருடமாகத் தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, கணிப்பீட்டுப் படிவம் என்று உங்கள் பாஷையிலேயே புழங்குகிறவன், அதனால் இதை ஒரு தகப்பனின் புலம்பல் என்று ஓரமாக வைத்துவிடாமல் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். தகப்பனும்தான். என் மகளுக்கு 13 வயது. வீட்டில் குஞ்சு என்று கூப்பிடுவோம், இந்த மடலிலும் அப்படியே இருக்கட்டும்.

குஞ்சு மூளைமுடக்குவாதத்தோடு பிறந்தவள். நடக்கமாட்டாள், இருத்தினால் இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். வலிப்பு உண்டு, அதற்கு மருந்தும் உண்டு. வாயால் சொல் இல்லை. கண்ணில் குறையில்லை, ஆனால் கண் அனுப்புவதை மூளை முழுதாக வாசிப்பதில்லை. காது மட்டும் நல்ல கூர்மை, எங்கள் ஓட்டோக்காரர் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், நாங்கள் இன்னும் வாட்டர் போத்தல் தேடிக்கொண்டு நிற்போம். ஐந்து வயதிலிருந்து ஒரு விசேட கல்வி அலகில் படிக்கிறாள்.

ஒவ்வொரு வருட முடிவிலும் அவளுக்கு ஒரு படிவம் வரும். ‘1 முதல் 10 வரை எண்களை இனங்காண்பார்’, ‘நிறங்களைப் பெயரிடுவார்’, ‘தன் பெயரை எழுதுவார்’. எதிரே இரண்டு கட்டம், ஆம், இல்லை. எட்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே நிரல், மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை. பழைய படிவத்தைப் போட்டோப் பிரதி எடுத்துத் திகதியை மட்டும் மாற்றியிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முந்தின வருடம் குஞ்சு ஒரு பெரிய காரியம் செய்தாள். வயிறு நிறைந்ததும் உதட்டை மூடி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, அப்படியே வைத்திருக்கப் பழகினாள். அதற்கு முன்னம் துப்புவாள், அழுவாள், அல்லது எது வந்தாலும் விழுங்குவாள். இதற்கு 14 மாதம் எடுத்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவளுடைய ரீச்சர் அதைப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியிருந்தார். பென்சிலால் எழுதியதற்குக் காரணம், படிவத்தில் வேறு எதுவும் எழுதக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அந்தப் பின்பக்கத்தை முன்பக்கம் ஆக்குங்கள்.

இப்போது விசேட கல்வி என்ற பெயரில் கையில் கிடைப்பதைப் பார்த்தால் பாலுக்குத் தண்ணி விடுகிற கதைதான். ஐந்தாம் தரம் விளங்காதவருக்கு மூன்றாம் தரம், அதுவும் விளங்காதவருக்கு முதலாம் தரம், அதற்கும் கீழே என்றால் முன்பள்ளிப் பாட்டும் வர்ணம் தீட்டலும். விட விடத் தண்ணிதான் மிச்சம். கற்றல் சற்று மந்தமான பிள்ளைக்கு இது ஓரளவு சரிவரலாம். சிக்கலான தேவையுள்ள பிள்ளைக்குச் சரிவராது, ஏனென்றால் அவளுடைய குறைகள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. கணித வாத்தி சொல்கிறேன், நம்புங்கள். கண் தெரியாத பிள்ளை காதாலும் விரலாலும் படிக்கும், காது கேளாத பிள்ளை கண்ணாலும் கையாலும் படிக்கும், ஆனால் விரல் விரியாத, கண் சொல்வதை மூளை பிடிக்காத, மருந்தில் அரைத்தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு குறைக்காக வைத்த மாற்றுவழியை மற்றக் குறை அடைத்துவிடும். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது, கண் தெரியாத பிள்ளைகளுக்குச் சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குக் கோண்டாவிலில் சிவபூமி இருக்கிறது, இந்த ஊர் அந்த மூன்றுக்கும் கடமைப்பட்டது. நான் சொல்லவருவது, ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழி இருப்பதை எல்லாம் சேர்த்துத் தைத்தாலும் குஞ்சுவின் அளவுக்குச் சட்டை வராது என்பதைத்தான்.

எண் என்பதற்கு முன்னம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நேற்று வந்த அதே பொருள்தான் இன்றும் வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். துணிக்குக் கீழே போன பொருள் இல்லாமல் போகவில்லை என்று தெரிய வேண்டும். நான் தட்டினால்தான் சத்தம் வருகிறது, தட்டாவிட்டால் வராது என்று தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் இதையெல்லாம் ஒரு வயதுக்குள் தவழ்ந்து, உடைத்து, வாயில் வைத்து, நாங்கள் பாராத நேரத்தில் படித்து முடித்துவிடுகிறார்கள், அதனால் இது பாடம் என்றே எங்களுக்குத் தோன்றுவதில்லை. குஞ்சுவுக்கு இதுதான் பாடம். இதை ‘ஆயத்தச் செயற்பாடு’ என்று முன்னுரையில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு பிள்ளை பத்து வருடம் இங்கேயே நின்று, மேலே ஏறாமல், அகலமாக வளரலாம். ஒரு மணிச்சத்தத்துக்கு மட்டும் சிரித்தவள் நாலு ஆட்களின் குரலுக்கு நாலு விதமாகச் சிரிப்பதும் வளர்ச்சிதான்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எட்டுப்படி ஏணி ஒன்று வைத்திருந்தார்கள், பி அளவுகோல் என்று. எந்தப் படியில் நிற்கிறாள், வருட முடிவில் எத்தனை படி ஏறினாள் என்று பார்ப்பது. அதைப் பரிசீலித்த ரொச்ஃபோர்ட் அறிக்கை 2016இல் வந்தது, அந்த ஏணியை விட்டுவிடலாம் என்றது. பாடம் பாடமாகப் படிக்கும் நிலைக்கு வராத பிள்ளைகளுக்கு 2021இலிருந்து அங்கே ஈடுபாட்டைப் பார்க்கிறார்கள். ஐந்து விடயம்: ஆராய்ந்து பார்க்கிறாளா, விளங்கிக்கொள்கிறாளா, அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கிறாளா, விடாமல் முயல்கிறாளா, தானாக ஒன்றைத் தொடங்குகிறாளா. வேல்ஸ்காரர்கள் 2006இலேயே ஏணிக்குப் பதிலாகப் பாதை வரைபடம் மாதிரி ஒன்று செய்தார்கள், ஒவ்வொரு பிள்ளையும் வேறு வழியால் போகலாம் என்று. இவற்றை அப்படியே மொழிபெயர்த்துத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை, அந்த வியாதி எங்களுக்கு ஏற்கனவே போதுமான அளவு உண்டு. ஏணியில் பல வருடம் நின்று பார்த்தவர்களே இறங்கிவிட்டார்கள், நாங்கள் இனிமேல் போய் ஏறத் தேவையில்லை என்கிறேன்.

சரி, ஒரு நாளைப் பார்ப்போம்.

பாடசாலை 7.30க்குத் தொடங்கும். குஞ்சு வலிப்பு மருந்து குடித்துவிட்டு வருவாள், ஒன்பதரை மணிவரை அவளுக்கு உலகம் பஞ்சுக்குள் இருக்கிறது. முக்கியமான பாடம் என்று நாங்கள் நினைப்பதெல்லாம் காலையில் முதல் இரண்டு பாடவேளைக்குள் வைத்திருக்கிறோம், மற்றப் பிள்ளைகளுக்கு அது சரி. அவள் முழுதாக விழிப்பது பத்து, பத்தரைக்கு. அப்போது இடைவேளை. அதாவது அவள் ஒரு நாளில் மிக நன்றாகப் படிக்கக்கூடிய அரைமணித்தியாலத்தை நாங்கள் ‘பாடம் இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது? சாப்பாடு. முந்தி ஒரு பாடசாலையில் தாய் வந்துதான் தீத்த வேண்டும் என்றார்கள், ஆசிரியரின் வேலை இல்லை என்று. என் மனைவி இரண்டு வருடம் மதில் ஓரம் காத்திருந்து, மணி அடித்ததும் உள்ளே போய்த் தீத்திவிட்டு வருவாள். உண்மையில் அந்தப் பாடசாலையில் அந்த நேரத்தில் நடந்த மிகச் சிறந்த பாடம் அதுதான், அதை நடத்தியவளுக்குச் சம்பளமும் இல்லை, உள்ளே இருக்க ஒரு கதிரையும் இல்லை. பாருங்கள்: முதலில் முதுகு நிமிர்ந்து, தலை சற்று முன்னுக்கு வர இருத்த வேண்டும், தலை பின்னால் சாய்ந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து. தண்ணியாக இருப்பதைவிடக் கஞ்சித் தடிப்பில் இருந்தால் குஞ்சுவுக்கு விழுங்க இலகு, பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும், விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். கரண்டி வருவதற்கு முன்னம் கரண்டியால் கிண்ணத்தில் இரண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் வாய் திறக்கிறாளா? எதிர்பார்ப்பு. வாழைப்பழ மணமும் மாம்பழ மணமும் மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் எந்தப் பக்கம் திரும்புகிறாள்? தெரிவு. பிறகு காத்திருப்பு. இதில்தான் எல்லோரும் தோற்கிறோம். குஞ்சுவிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வர சில வேளை 20 செக்கன் எடுக்கும். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களாகிய நாங்கள் மூன்று செக்கனில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்போம், ஆறில் சத்தமாகக் கேட்போம், எட்டில் நாங்களே பதில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவோம். நீங்கள் எழுதும் ஆசிரியர் வழிகாட்டியில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ‘20 வரை எண்ணுக, அதுவரை வாய் திறவாதிருக்க’ என்று ஒரு வரி போட்டால்கூட அது இந்த மாவட்டத்தில் பல பிள்ளைகளின் நாளை மாற்றும்.

கண் விடயம். விசேட கல்வி வகுப்பு என்றால் சுவர் முழுக்கப் படம், கூரையில் தோரணம், புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து உருவம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். குஞ்சு மாதிரி, மூளையால் பார்வை குறைந்த பிள்ளைக்கு அது சந்தைக்குள் நின்று ஒருவர் காதுக்குள் கதைப்பதைக் கேட்க முயல்வது போன்றது. கறுப்புத் துணி விரித்து, மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பொருளை, மெல்ல அசைத்துக் காட்டினால் பார்ப்பாள். ஒரே ஒரு பொருள். எங்கள் வீட்டில் அது ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் கோப்பை, ஏழு வருடமாக அதே கோப்பைதான். விடயம் அறிந்தவர் ஒருவர் எங்களுக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒன்பது வருடமாக நாங்கள் அவளுக்குக் காட்டிய படங்கள்! என் மனைவி அன்று இரவு அறையில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றினாள்.

‘ஏழு வருடமாக’ என்றும் ‘ஒன்பது வயதில்’ என்றும் எழுதிவிட்டேன், கணக்கு உதைக்கிறது. கோப்பை முன்னமே இருந்தது, அவளுக்குப் பிடித்த கோப்பை என்று நினைத்திருந்தோம். அவளுக்குத் தெரிந்த ஒரே கோப்பை என்று பிறகுதான் விளங்கியது.

இப்போது ‘காணும்’ கதை. வாய்ச்சொல் இல்லாத பிள்ளைகளுக்குப் படமும் சொல்லும் போட்ட அட்டைகள் இருக்கின்றன, தொட்டால் அல்லது பார்த்தால் சொன்னதாகக் கணக்கு. எங்களுக்கு ஒரு கட்டு கிடைத்தது, தமிழில், நல்ல அச்சு. அதில் ஓர் அட்டையில் ‘போதும்’ என்று இருந்தது. ரீச்சர் அதைக் காட்டி ‘போதும்’, ‘போதும்’ என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அம்மம்மா வந்து பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “இதென்ன பிள்ளை, வீட்டில நாங்கள் ஒருதரும் போதும் எண்டு சொல்லுறேல்லையே, காணும் எண்டெல்லோ சொல்லுறது” என்றார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பாலுக்கும் சோற்றுக்கும் குளிப்புக்கும் அவள் கேட்டது ‘காணுமா குஞ்சு, காணுமா’. ‘போதும்’ அவளுக்குப் புதுப் பாஷை. அட்டையின்மேல் ஒரு துண்டு ஒட்டி, பின்புறம் உப்புத்தாள் ஒட்டி (விரலுக்குத் தெரிய வேண்டுமே), ‘காணும்’ என்று வைத்தோம். இரண்டரை மாதத்தில் முதல்தடவை கையை அதன்மேல் கொண்டுபோனாள்.

இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், கலைத்திட்டம் ஒரு மொழியில் எழுதப்பட்டு மற்ற மொழிக்குப் பெயர்க்கப்படும்போது சாதாரண பிள்ளைக்கு ஏற்படும் நட்டம் கொஞ்சம்தான், அது தட்டுத்தடுமாறி விளங்கிக்கொள்ளும். எங்கள் பிள்ளைக்கு மொத்தமே 15 சொல் என்றால், அந்தப் 15உம் அவள் அடுப்படியில் கேட்கிற சொல்லாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் மலையகத்துப் பிள்ளைக்கும் அந்தப் பட்டியல் ஒன்றாக இராது. ஆகவே பட்டியலை நீங்கள் தராதீர்கள். பட்டியலை எப்படிச் செய்வது என்பதைத் தாருங்கள், வெற்றுக் கட்டத்தைத் தாருங்கள், வீட்டாரைக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். பொருளாலும் பேசலாம்: துவாய் துண்டைக் கையில் வைத்தால் குளிப்பு, ஓட்டோவில் பிடிக்கும் கம்பியில் சுற்றிய அதே றப்பர்த் துண்டு என்றால் பயணம், சின்ன மணி என்றால் கோயில். ஒவ்வொரு முறையும் அதே பொருள், அதே நேரம், அவசரமில்லாமல். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பொத்தானை அழுத்தினால் பதிந்து வைத்த குரல் பேசுகிற கருவிகள் வெளியில் விற்கிறார்கள், விலை கேட்டால் மயக்கம் வரும், எங்கள் சந்தியில் றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் பழைய அழைப்புமணியை உடைத்து அதே வேலையைச் செய்து தந்தார். அதில் யாருடைய குரலைப் பதிவது என்று ஒரு பிரச்சினை வந்தது. நான் என் குரலில் பதிந்தேன், மனைவி சிரித்துவிட்டாள், 13 வயதுப் பெண்பிள்ளை 46 வயது வாத்தியின் குரலில் வணக்கம் சொன்னால் எப்படி இருக்கும்! பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, குஞ்சுவின் வயதுதான், பதிந்து தந்தாள். இப்போது இடாப்புக் கூப்பிடும்போது அந்தக் குரல் பதில் சொல்கிறது.

அடுத்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் கூச்சப்படுவதால்தான் இது எந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் வரவில்லை.

விஜயதசமியில் ஏடு தொடக்கினோம், குஞ்சுவுக்கு ஐந்து வயதில். தட்டில் பச்சரிசி, ஐயர் அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுதினார். எழுதி முடித்து விட்டதும், எப்போதும் இறுக மூடியிருக்கிற அந்தக் கை தானாக விரிந்து அரிசிக்குள் போய் நின்றது. ‘அ’ எழுதியது ஐயர். அரிசியைத் தொட்டது அவள். நான் அன்று அதைக் கவனித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. பிறகு எத்தனையோ வருடம் வகுப்பில் அவள் கையைப் பிடித்துப் பிடித்து எழுதவைத்தார்கள், கொப்பி நிறைய அழகான எழுத்து வீட்டுக்கு வந்தது, என் கையெழுத்தைவிட நல்ல கையெழுத்து. பரிசோதிக்க வருகிறவர்களுக்குக் காட்டவும் அது வசதி.

எழுத்து வராதது போகட்டும். வருடக்கணக்காக, நாள் முழுக்க, யாரோ ஒருவர் வந்து கேளாமலே கையைப் பிடித்து இழுப்பார், நீ விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் ‘கெட்டிக்காரி’ என்பார்கள். இதுவும் ஒரு கலைத்திட்டம்தான். இதை நன்றாகப் படித்து முடித்த ஒரு பெண்பிள்ளைக்கு 12 வயதில் பெரியபிள்ளை ஆகிறது. சாமத்தியவீடு செய்வதா விடுவதா என்று சொந்தக்காரர் ஆறுபேர் ஆறுவிதமாகக் கதைத்தார்கள், பாடசாலை ஒன்றில் ‘அந்த நாட்களில் வீட்டில வைச்சிருங்கோ’ என்றார்கள், ஆனால் இனி யார் தொடலாம், யார் தொடக்கூடாது, உடை மாற்றுமுன் அவளுக்கு எப்படிச் சொல்வது, அவள் எப்படி மறுப்பது என்று ஒருவரும் கதைக்கவில்லை. இவளை நாளுக்கு எத்தனை பேர் தூக்குகிறார்கள், துடைக்கிறார்கள், மாற்றுகிறார்கள் தெரியுமா? ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாமல் இவளை வளர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்து நானும் மனைவியும் தூங்காத இரவுகள் உண்டு. உடல், அந்தரங்கம், மறுப்பு, மாதவிடாய் எல்லாம் சிக்கலான தேவையுள்ள பிள்ளையின் கலைத்திட்டத்தில் முதல் வரிசையில் இருக்க வேண்டியவை. கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக எங்கள் கையை அவள் கைக்குக் கீழே வைத்து, அவள் விரும்பினால் கூடவரட்டும், விரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று செய்கிற முறை ஒன்று உண்டு, கண்ணும் காதும் இரண்டுமே குறைந்த பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் பல காலமாகச் செய்வது. கொப்பியில் எழுத்து வராது. கொப்பி வெறுமையாக இருப்பதற்கு ஆசிரியரை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

உட்படுத்தல் கல்வி பற்றிக் கேட்டால் என்னிடம் இரண்டு மனம் இருக்கிறது. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாட்டு அரசுகள் கூடி எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பாடசாலைக்குள் வர வேண்டும் என்றார்கள். எங்கள் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது, 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தினோம். எல்லாம் நல்லது. ஆனால் நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில், மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப்போடும் ஒரு பிள்ளையை, கடைசி வாங்குக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் காலையிலிருந்து ஒன்றரைவரை நிறுத்தி வைத்துவிட்டு உட்படுத்திவிட்டோம் என்றால், மன்னிக்கவும், அது தண்டனை.

மற்ற மனம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு நாள் குஞ்சுவை என் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவளுடைய ரீச்சர் லீவு, மனைவிக்குக் காய்ச்சல். எனக்கு எட்டாம் தரம், நிகழ்தகவு. நாணயம் சுண்ட வேண்டும். நான் ஒன்றும் திட்டம் போடவில்லை, ஒரு பெடியன்தான் சொன்னான், “சேர், குஞ்சு போடட்டும்.” பால்மாப் பேணி ஒன்றுக்குள் நாணயத்தைப் போட்டு அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தோம், கை ஆடும்போது பேணி விழும், நாணயம் சீமெந்தில் கிலுங்கி உருளும், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்துத் தலையா பூவா என்று குறிப்பார்கள். முதல் பத்துத் தடவை கை தற்செயலாகத்தான் பட்டது. அப்புறம் மெல்ல மெல்ல, பேணியை நிமிர்த்தி வைத்ததும் கை வரத் தொடங்கியது. இருபத்தைந்தாவது தடவைக்குக் கிட்ட, பேணி விழுவதற்கு முன்னமே சிரித்தாள். சத்தம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பே அமைதியாகிவிட்டது, பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். 40 தடவையில் 23 தலை. ‘அடுத்து என்ன வரும்’ என்பதுதான் அன்றைய பாடம், 35 பிள்ளைகளும் அவளும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள், ஆளுக்கு ஓர் ஆழத்தில். அடுத்த வாரம் அட்சரகணிதம், அதற்கு அவளைக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை, கொண்டுபோகவும் இல்லை. எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம், அந்தப் பாடத்துக்குள் அவளுக்கென்று என்ன இருக்கிறது: உட்படுத்தல் என்றால் இதை எழுதுங்கள். அறையின் பெயரை எழுதாதீர்கள்.

நீங்கள் எதை எழுதினாலும் இந்த ஊரில் அது ரியூசனோடு போட்டி போட வேண்டியிருக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். பிள்ளை நடக்கத் தொடங்குமுன்னமே எந்தப் பாடசாலை என்று பேசி முடிக்கிற ஊர் இது, சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தவரின் படத்தைப் பத்திரிகையில் போட்டு மதிலில் பதாகை கட்டுகிற ஊர். நானும் அதற்குள்தான் பிழைக்கிறேன், மறைப்பானேன், பின்னேரத்தில் ரியூட்டரியில் வகுப்பெடுத்துத்தான் குஞ்சுவின் இயன்மருத்துவத்துக்குக் காசு கட்டுகிறேன்.

கடைசியாக ஆசிரியர்கள். கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன, அங்கே படித்து வெளியேறும் எல்லோரும் என்றைக்கோ ஒரு நாள் குஞ்சு மாதிரி ஒரு பிள்ளையைச் சந்திக்கத்தான் போகிறார்கள். மண்டபத்தில் மூன்று நாள் செயலமர்வு, திரையில் படம், மத்தியானம் சோற்றுப் பார்சல், கடைசியில் சான்றிதழ், இதில் 20 செக்கன் காத்திருக்க ஒருவரும் பழகமாட்டார். ஒரு பிள்ளையோடு ஒரு மாதம் இருந்தால் பழகுவார். அப்படிப் பழகிய ஆசிரியருக்கு இடமாற்றம் வரும். வரத்தான் வேண்டும், அவருக்கும் வீடு, பிள்ளை உண்டு. ஆனால் அவர் போகும்போது குஞ்சுவின் மொழி தெரிந்த நாலுபேரில் ஒருவர் போகிறார், புதியவர் பூச்சியத்திலிருந்து தொடங்குவார், குஞ்சு ஆறு மாதம் மறுபடி துப்புவாள். ஸ்கொட்லாந்தில் 1990களில் இதற்கு ஒரு சின்ன வேலை செய்தார்கள், பிள்ளையே பேசுவது போல எழுதிய சிறுபுத்தகம், தொடர்பாடல் கடவுச்சீட்டு என்று சொல்லலாம். நாங்கள் குஞ்சுவுக்கு ஒரு கொப்பியில் செய்திருக்கிறோம். “நான் இடப்பக்கம் திரும்பினால் காணும். வலப்பக்கம் திரும்பினால் உங்களைத் தேடுகிறேன், கோபமில்லை. தும்மல் சத்தம் கேட்டால் பயப்படுவேன், சொல்லிவிட்டுத் தும்முங்கள்.” ஓட்டோக்காரர் இரண்டு பக்கம் சொல்லி எழுதுவித்தார், அதில் எங்களுக்கே தெரியாத விடயம் மூன்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் இப்படியொன்று கட்டாயம், இடமாற்றத்துக்கு முன்னம் பழையவரும் புதியவரும் இரண்டு கிழமை சேர்ந்து வேலை செய்வது கட்டாயம் என்று கலைத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், சுற்றறிக்கையில் எழுதினால் பறந்துவிடும்.

2026 முதல் நடைமுறைக்கு வருமென்று அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தைச் சுற்றி இவ்வளவு வாதம் நடந்தது, மொடியூல், திறன், டிஜிட்டல் என்று. குஞ்சு மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி யாரும் திட்டியதாகவும் எனக்குக் கேட்கவில்லை, பாராட்டியதாகவும் கேட்கவில்லை.

இந்த வருடப் படிவம் மேசையில் கிடக்கிறது, முன்பக்கம் இன்னும் நிரப்பவில்லை. பின்பக்கத்தில் ரீச்சரும் நாங்களும் எழுதியதில் சிலதை இங்கே இறக்கி எழுதுகிறேன், எப்படிக் கட்டம் போடலாம் என்று உங்களுக்கு ஒரு யோசனை வரட்டும். இந்தமுறை பேனையால்தான் எழுதியிருக்கிறோம்.

மாசி 12. கரண்டிச் சத்தத்துக்கு முன்னமே வாய் திறந்தாள். சமையலறையில் தாய் தாளித்த மணத்துக்கு.

பங்குனி 3. காணும் அட்டையை, சாப்பாட்டுக்கு அல்ல, பாட்டுக்குத் தொட்டாள். பாட்டை நிறுத்தினோம். மறுபடி அழுதாள். ஏன் என்று தெரியவில்லை.

வைகாசி 20. வலிப்பு இரண்டு முறை. ஒன்றும் செய்யவில்லை, படுத்திருந்தாள். ரீச்சர் பக்கத்தில் இருந்தார்.

ஆடி 8. இயன்மருத்துவர் கையைத் தூக்கியபோது கையை இழுத்துக்கொண்டாள். அவர் நிறுத்தி, காத்திருந்தார். 17 செக்கனில் தானே நீட்டினாள்.

ஐப்பசி 27. மழை. யன்னல் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிச் சத்தம் போட்டாள். வலிக்கிறதோ என்று மருந்து கொடுத்தோம். மூன்றாம் நாளும் அதே. வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கையை வெளியே பிடித்தோம், கை நனைந்ததும் சத்தம் நின்றது. காணும் அட்டையைத் தொட 40 நிமிடம் எடுத்தாள்.

இப்படிக்கு,
குஞ்சுவின் அப்பா
வலிகாமம், யாழ்ப்பாணம்